கேட்காமல் வரும் விளம்பரங்கள்: எங்கிருந்து வருகின்றன? எப்படி நிறுத்துவது?

"ஹஜ்ரத், போன்ல கண்ட கண்ட படமெல்லாம் தானா வருது. யாரிடமும் காட்டவும் முடியல" என்று தயங்கித் தயங்கிக் கேட்போர் இப்போது அதிகமாகிவிட்டனர். சிலருக்கு ஆபாசப் படங்கள், சிலருக்குச் சூதாட்ட அழைப்புகள், சிலருக்கு "உங்கள் போனில் 13 வைரஸ்கள் உள்ளன" என்ற சிவப்பு எச்சரிக்கை. வயதானவர்களோ அந்த எச்சரிக்கையை உண்மை என்று நம்பி அதிலுள்ள எண்ணுக்கே போன் செய்து பணத்தை இழக்கிறார்கள்.

இவற்றில் பெரும்பாலானவற்றை வீட்டிலேயே பத்து நிமிடத்தில் நிறுத்திவிடலாம். ஆனால் இவை எந்த வழியாக வருகின்றன என்று தெரியாததால் பலர் போனையே மாற்றுகிறார்கள். அல்லது குடும்பப் படங்கள் நிறைந்த போனை முன்பின் அறியாத கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு வருகிறார்கள். இதைவிட வேதனையானது, வீட்டில் ஒருவர் மீது ஒருவருக்கு எழும் சந்தேகம். எனவே இந்தக் கட்டுரையில் இந்த விளம்பரங்களின் வகைகள், அவை நுழையும் வழி, நீக்கும் முறை, மீண்டும் வராமல் காக்கும் வழி ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நான்கு வகை, நான்கு வாசல்கள்

திரையில் திடீரென்று தோன்றும் விளம்பரங்கள் எல்லாம் ஒன்றுபோலத் தெரிந்தாலும் அவை வரும் வாசல்கள் வேறு வேறு. வாசலைக் கண்டுபிடித்தால்தான் பூட்ட முடியும்.

முதல் வகை, பிரவுசர் நோட்டிஃபிகேஷன். குரோம் போன்ற பிரவுசரில் நாம் எப்போதோ திறந்த ஓர் இணையதளம், அதை மூடிய பிறகும் நமக்கு அறிவிப்பு அனுப்பிக்கொண்டிருக்கும். போனில் இது மேலிருந்து இழுக்கும் அறிவிப்புப் பட்டியலில் வரும். கணினியில் வலது கீழ் மூலையில் சிறு பெட்டியாக வரும். பிரவுசரின் பெயரும் தளத்தின் முகவரியும் அதில் சிறிய எழுத்தில் இருக்கும்.

இரண்டாம் வகை, பாப்-அப். ஒரு தளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே புதிய பக்கம் தானாகத் திறக்கும், அல்லது வேறு தளத்துக்குத் தள்ளிவிடும். பிரவுசரை மூடினால் இதுவும் நின்றுவிடும்.

மூன்றாம் வகை, போனில் நிறுவப்பட்ட செயலி காட்டும் விளம்பரம். எந்த இணையதளமும் திறந்திராதபோதும், போனை அன்லாக் செய்ததும் அல்லது சார்ஜ் போட்டதும், திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு வரும். ஆட்வேர் எனப்படும் விளம்பர மென்பொருள் இதுதான்.

நான்காம் வகை, பிரவுசருக்குள் புகுந்த எக்ஸ்டென்ஷன். பெரும்பாலும் கணினியில் வரும். தேடுபொறி தானாக மாறியிருக்கும், முகப்புப் பக்கம் மாறியிருக்கும், எந்தத் தளத்தைத் திறந்தாலும் அதில் இல்லாத விளம்பரங்கள் கூடுதலாக நிற்கும்.

பாப்-அப் எப்படிப் பிறந்தது?

1990-களில் டிரைபாட் என்ற அமெரிக்க இணைய நிறுவனத்தில் பணியாற்றிய ஈத்தன் சக்கர்மேன் என்பவர்தான் முதல் பாப்-அப் விளம்பரத்துக்கான நிரலை எழுதியவர்களில் ஒருவர். ஒரு கார் நிறுவனத்தின் விளம்பரம் ஆபாசமான பக்கம் ஒன்றின் மீது தோன்றிவிட, அந்த நிறுவனம் கோபம் கொண்டது. விளம்பரத்தையும் பக்கத்தையும் பிரித்துக் காட்டினால் பிரச்சினை வராது என்று கருதி, விளம்பரத்தைத் தனிச் சாளரத்தில் திறக்கும் வழியை அவர் எழுதினார். ஆபாசத்திலிருந்து விளம்பரத்தை விலக்கி வைக்க வந்த ஏற்பாடு, பிறகு ஆபாசத்தையே வீடு தேடிக் கொண்டுவரும் கருவியாக ஆனது. 2014-ல் அவர் இதற்காகப் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்துக் கட்டுரை எழுதினார்.

மக்கள் சலித்துப்போனதால் பிரவுசர்கள் பாப்-அப்களைத் தாமாகவே தடுக்கத் தொடங்கின. அந்த வாசல் குறுகியதும் வேறொரு வாசல் திறந்தது. 2015-ல் குரோம் பிரவுசர், இணையதளங்கள் பயனாளரின் அனுமதியோடு அறிவிப்பு அனுப்பும் வசதியைத் தந்தது. 2016-ல் ஃபயர்ஃபாக்ஸும் தந்தது. செய்தித்தளம் முக்கியச் செய்தியைச் சொல்லவும், மின்னஞ்சல் வந்ததை அறியவும் ஏற்பட்ட நல்ல வசதிதான் இது. அதை ஏமாற்றுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

ஒரே ஒரு 'அலவ்'

இந்த வசதி எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ஒரு தளத்தைத் திறக்கிறோம். "இந்தத் தளம் உங்களுக்கு அறிவிப்புகள் அனுப்ப விரும்புகிறது" என்று கேட்டு 'அலவ்', 'பிளாக்' என்ற இரண்டு பொத்தான்கள் வருகின்றன. 'அலவ்' அழுத்தியதும் அந்தத் தளத்தின் சிறிய நிரல் ஒன்று நம் பிரவுசரில் பதிந்துகொள்கிறது. பிறகு அந்தத் தளம் நினைத்த நேரத்தில், நினைத்த செய்தியை அனுப்பலாம். நாம் அந்தத் தளத்துக்கு மறுபடி போக வேண்டிய அவசியமே இல்லை.

இதனால்தான் இரண்டு விஷயங்கள் மக்களைக் குழப்புகின்றன. ஒன்று, ஹிஸ்டரியை அழித்தாலும் விளம்பரம் நிற்பதில்லை. ஏனெனில் அனுமதி ஹிஸ்டரியில் இல்லை, தனிப் பட்டியலில் இருக்கிறது. இரண்டு, ஆன்டிவைரஸ் போட்டுத் தேடினாலும் ஒன்றும் கிடைப்பதில்லை. ஏனெனில் இது வைரஸ் அல்ல, நாமே கொடுத்த அனுமதி.

அந்த அனுமதியை எப்படி வாங்குகிறார்கள்? "நீங்கள் ரோபோ அல்ல என்று உறுதிப்படுத்த அலவ் அழுத்துங்கள்" என்பார்கள். "வீடியோ தொடங்க அலவ் அழுத்துங்கள்" என்று சுழலும் வட்டத்தைக் காட்டுவார்கள். "பதிவிறக்கம் தயார், அலவ் அழுத்துங்கள்" என்பார்கள். "உங்களுக்கு 18 வயது ஆகிவிட்டதா?" என்றுகூடக் கேட்பார்கள். வீடியோ ஓடுவதற்கோ, கோப்பு இறங்குவதற்கோ, நாம் மனிதர் என்று நிரூபிப்பதற்கோ நோட்டிஃபிகேஷன் அனுமதி ஒருபோதும் தேவையில்லை. இந்த ஒரு வரியை வீட்டில் உள்ள அனைவருக்கும் சொல்லிவைத்தாலே போதும்.

பணம் எங்கிருந்து வருகிறது?

யாரும் காரணமின்றி இவ்வளவு சிரமப்படுவதில்லை. ஒவ்வோர் அனுமதியும் ஒரு முகவரி. ஆயிரக்கணக்கான முகவரிகளைச் சேர்த்தவர், அவற்றுக்கு விளம்பரம் அனுப்பும் உரிமையை விளம்பர வலையமைப்புகளுக்கு விற்கிறார். நாம் ஒரு முறை தட்டினால் அவருக்குச் சில காசுகள். தட்டிய இடத்தில் நாம் எதையேனும் வாங்கினாலோ, செயலியை நிறுவினாலோ அதைவிடப் பெரிய தரகு.

"உங்கள் ஆன்டிவைரஸ் காலாவதியாகிவிட்டது" என்று பிரபல நிறுவனத்தின் சின்னத்தோடு வரும் அறிவிப்பும் பெரும்பாலும் இந்த வகைதான். தரகுக்காக யாரோ அனுப்புவது. சில வேளை அது போலிக் கட்டணப் பக்கத்துக்கோ, "உதவி மையம்" என்ற பெயரில் இயங்கும் மோசடிக் கும்பலின் தொலைபேசி எண்ணுக்கோ கொண்டுபோகும். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன்னுடைய உண்மையான பிழைச் செய்திகளிலும் எச்சரிக்கைகளிலும் தொலைபேசி எண் இருக்காது என்று தெளிவாகவே அறிவித்துள்ளது. திரையில் எண்ணோடு எச்சரிக்கை வந்தால் அது பொய் என்று அங்கேயே முடிவு செய்துவிடலாம்.

சந்தேகத்துக்கு இடம் கொடுக்காதீர்கள்

இனி, நாம் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய விஷயத்துக்கு வருவோம். மகனின் போனில் அசிங்கமான படத்தோடு ஓர் அறிவிப்பு வருகிறது. அத்தா பார்த்துவிடுகிறார். "நீ அந்த மாதிரி இடத்துக்குப் போகாமலா இது வரும்?" என்று கேட்கிறார். பையன் சத்தியம் செய்தும் நம்புவதில்லை. கணவன் மனைவிக்கிடையிலும் இதே காரணத்தால் மனக்கசப்பு வருகிறது. "நீங்கள் பார்ப்பதைத்தான் போன் காட்டும்" என்ற பேச்சு எல்லோர் வாயிலும் இருப்பதால் குற்றச்சாட்டு எளிதாக ஒட்டிக்கொள்கிறது.

விளம்பரங்கள் பல நேரம் நம் தேடல்களை ஒட்டி வருவது உண்மைதான். ஆனால் இந்த வகை நோட்டிஃபிகேஷன் அப்படி அல்ல. அனுமதி வாங்கிய தளம் ஒன்று, அதன் வழியாக வரும் விளம்பரம் வேறொன்று. தேர்வு முடிவு பார்க்கவோ, கிரிக்கெட் நேரலை தேடியோ, ஒரு புத்தகத்தின் பிடிஎஃப் தேடியோ போன இடத்தில் 'அலவ்' அழுத்தியவருக்கும் ஆபாச அறிவிப்பு வரலாம். விளம்பரம் அனுப்புபவருக்கு நாம் யார், எதைத் தேடினோம் என்பதெல்லாம் பொருட்டல்ல. யாரேனும் தட்டினால் போதும். அதற்கு மனிதரின் ஆசையையோ பயத்தையோ தூண்டும் படம் வேண்டும்.

ஆகவே ஓர் அறிவிப்பு வந்தது என்பது மட்டும் எவர் மீதும் சாட்சியாகாது. சந்தேகங்களில் அதிகமானவற்றை விட்டும் விலகிக்கொள்ளுமாறு நமக்குக் கட்டளையிடப்பட்டிருக்கிறது. பிள்ளை தவறு செய்தானா என்று துருவும் முன், அவனோடு உட்கார்ந்து அந்த அறிவிப்பு எந்தத் தளத்திலிருந்து வருகிறது என்று பாருங்கள், நீக்கிக் கொடுங்கள். அடுத்த முறை ஏதேனும் வந்தால் அவனே தயங்காமல் உங்களிடம் கொண்டுவருவான். திட்டினால் மறைப்பான், மறைக்கும் பிள்ளையைத்தான் மிரட்டிப் பணம் பறிப்பவர்கள் எளிதில் பிடிக்கிறார்கள்.

நீக்கும் முறை: ஆண்ட்ராய்டு போனில் பிரவுசர் அறிவிப்புகள்

அறிவிப்பு வந்ததும் அதைத் தட்டித் திறக்காதீர்கள். தள்ளி அகற்றவும் அவசரப்படாதீர்கள். அதன் மேல் விரலைச் சற்று நேரம் அழுத்திப் பிடியுங்கள். எந்தச் செயலி அதை அனுப்பியது என்று தெரியும். குரோம் என்று இருந்தால் இது முதல் வகை. அங்கேயே அதை அணைக்கும் வசதியும் இருக்கும். புதிய குரோமில் அறிவிப்பின் கீழேயே 'அன்சப்ஸ்கிரைப்' பொத்தானும் வருகிறது.

முழுமையாகச் சுத்தம் செய்ய குரோமைத் திறந்து, மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தட்டி, 'செட்டிங்ஸ்', அதில் 'சைட் செட்டிங்ஸ்', அதில் 'நோட்டிஃபிகேஷன்ஸ்' என்று போங்கள். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். தெரியாத பெயர்கள், பொருளற்ற எழுத்துகளும் எண்களும் கலந்த முகவரிகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தட்டி 'பிளாக்' செய்யுங்கள். 'ரிமூவ்' செய்தால் அந்தத் தளம் அடுத்த முறை மறுபடியும் கேட்க முடியும். 'பிளாக்' செய்தால் கேட்கவே முடியாது. இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள்.

பிறகு அதே பக்கத்தின் மேலே உள்ள நோட்டிஃபிகேஷன் சுவிட்சையே அணைத்துவிடுங்கள். இனி எந்தத் தளமும் உங்களிடம் அனுமதி கேட்காது. வங்கி, வாட்ஸ்அப், ரயில் டிக்கெட் போன்றவற்றின் அறிவிப்புகள் அவற்றின் செயலிகள் வழியாக வருவதால் அவற்றுக்குப் பாதிப்பு இல்லை. வயதானவர்கள், பிள்ளைகள் பயன்படுத்தும் போன்களில் இது கட்டாயம் செய்ய வேண்டிய வேலை. 'சைட் செட்டிங்ஸ்' பக்கத்திலேயே 'பாப்-அப்ஸ் அண்ட் ரீடைரக்ட்ஸ்' என்பதும் தடுக்கப்பட்ட நிலையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

போனில் ஒன்றுக்கு மேற்பட்ட பிரவுசர்கள் இருந்தால் ஒவ்வொன்றிலும் தனித்தனியே இதைச் செய்ய வேண்டும்.

நீக்கும் முறை: திரையை அடைக்கும் செயலிகள்

எந்தப் பிரவுசரும் திறக்காமல் திரை முழுதும் விளம்பரம் வந்தால் குற்றவாளி ஒரு செயலி. விளம்பரம் தெரியும் அந்த நேரத்திலேயே அண்மையில் திறந்த செயலிகளைக் காட்டும் பொத்தானை அழுத்துங்கள். விளம்பரத்தின் மேல் எந்தச் செயலியின் சின்னம் தெரிகிறதோ அதுவே பெரும்பாலும் காரணம்.

பிடிபடவில்லையென்றால், இந்தத் தொல்லை எப்போது தொடங்கியது என்று யோசித்து, அதற்குச் சில நாட்கள் முன்பு நிறுவியவற்றைப் பாருங்கள். டார்ச், கியூஆர் ஸ்கேனர், போட்டோ எடிட்டர், கீபோர்டு, வால்பேப்பர், "பேட்டரி சேவர்", "போன் கிளீனர்" போன்ற எளிய இலவசச் செயலிகளின் வேடத்தில்தான் இவை அதிகம் வருகின்றன. "விளம்பரங்களை நீக்கித் தருகிறோம்" என்று சொல்லும் செயலியே விளம்பரச் செயலியாக இருப்பதும் உண்டு.

சில செயலிகள் தம் சின்னத்தை மறைத்துக்கொள்ளும். அதனால் முகப்புத் திரையில் தேடாமல் போனின் 'செட்டிங்ஸ்', 'ஆப்ஸ்' பட்டியலுக்குச் சென்று பாருங்கள். பெயரே இல்லாதது, வெற்றுச் சின்னம் உள்ளது ஆகியவற்றை அங்கிருந்து 'அன்இன்ஸ்டால்' செய்யுங்கள். அந்தப் பொத்தான் மங்கலாக இருந்தால் அந்தச் செயலி 'டிவைஸ் அட்மின்' என்ற உயர் அதிகாரத்தை வாங்கி வைத்திருக்கலாம். செட்டிங்ஸ் தேடலில் 'டிவைஸ் அட்மின் ஆப்ஸ்' என்று தேடி அதை முதலில் அணைத்துவிட்டு நீக்குங்கள். விளம்பரம் நீக்கவே விடாமல் குறுக்கிட்டால், பவர் பொத்தானை அழுத்தி, திரையில் வரும் 'பவர் ஆஃப்' மீது விரலை நீண்ட நேரம் வைத்தால் பல போன்களில் 'சேஃப் மோட்' வரும். அதில் நாம் நிறுவிய செயலிகள் இயங்கா, நிதானமாக நீக்கலாம்.

அடுத்து, 'டிஸ்ப்ளே ஓவர் அதர் ஆப்ஸ்', 'அக்சஸிபிலிட்டி' ஆகிய இரண்டு அனுமதிகளையும் செட்டிங்ஸில் தேடிப் பாருங்கள். முதலாவது மற்றச் செயலிகளின் மேல் படர அனுமதிப்பது. இரண்டாவது திரையில் உள்ளதைப் படிக்கவும் நம் சார்பில் அழுத்தவும் அனுமதிப்பது. பார்வைக் குறைபாடு உள்ளோருக்கு உதவவே இரண்டாவது உருவானது. தேவையற்ற எந்தச் செயலிக்கும் இவை இருக்கக் கூடாது. இறுதியாகப் பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தட்டி 'பிளே புரொடெக்ட்' திறந்து ஒரு முறை ஸ்கேன் செய்யுங்கள்.

ஃபேக்டரி ரீசெட் கடைசி வழி. படங்களையும் எண்களையும் சேமித்த பிறகே செய்ய வேண்டும். செய்த பின் பழைய செயலிகள் அனைத்தையும் ஒரே அழுத்தில் மீட்டால் தொல்லை தந்த செயலியும் கூடவே திரும்பி வரும். வேண்டியதை மட்டும் ஒவ்வொன்றாக நிறுவுங்கள்.

நீக்கும் முறை: கணினியும் ஐபோனும்

கணினியில் குரோம் பயன்படுத்துவோர் 'செட்டிங்ஸ்', 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', 'சைட் செட்டிங்ஸ்', 'நோட்டிஃபிகேஷன்ஸ்' என்று சென்று முன்பு சொன்னவாறே பட்டியலைச் சுத்தம் செய்யலாம். எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர்களிலும் செட்டிங்ஸில் உள்ள தேடல் பெட்டியில் 'நோட்டிஃபிகேஷன்ஸ்' என்று தட்டினால் அந்த இடம் கிடைத்துவிடும். ஃபயர்ஃபாக்ஸ் 2020 ஜனவரியில் இருந்தே, தளம் திறந்தவுடன் அனுமதி கேட்டுக் குதிக்கும் பெட்டிகளைத் தானாக அடக்கிவைக்கிறது.

தேடுபொறி மாறியிருந்தால் 'எக்ஸ்டென்ஷன்ஸ்' பக்கத்தைத் திறந்து, நீங்கள் அறிந்து நிறுவாத அனைத்தையும் நீக்குங்கள். பிறகு விண்டோஸ் செட்டிங்ஸில் நிறுவப்பட்ட செயலிகளைத் தேதி வாரியாக அடுக்கிச் சந்தேகமானவற்றை நீக்குங்கள். வீட்டுக் கணினியில் குரோம் மெனுவின் அடியில் "உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது" என்ற பொருளில் ஒரு வரி ஆங்கிலத்தில் தெரிந்தால் கவனியுங்கள். அலுவலகக் கணினியில் அது இயல்பு. சொந்தக் கணினியில் அப்படி இருந்தால் ஏதோ ஒரு மென்பொருள் பிரவுசரின் கட்டுப்பாட்டைப் பிடித்திருக்கலாம். சில ஆன்டிவைரஸ் மென்பொருள்களும் இந்த வரியைக் கொண்டுவரும் என்பதால், இதை மட்டும் வைத்து முடிவு செய்துவிட வேண்டாம். மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் 'ஆட்வ்கிளீனர்' என்ற இலவசக் கருவி இத்தகையவற்றைத் தேடி நீக்குவதற்கென்றே உள்ளது. விண்டோஸிலேயே இருக்கும் டிஃபெண்டரில் 'பொட்டென்ஷியலி அன்வான்டட் ஆப் பிளாக்கிங்' என்பதையும் இயக்கிவையுங்கள்.

ஐபோனில் இணையதள அறிவிப்புகள் 2023-ல் 16.4 பதிப்பில்தான் வந்தன. அதுவும் முகப்புத் திரையில் நாமே சேர்த்த தளங்களுக்கு மட்டுமே. எனவே அங்கே இந்தத் தொல்லை குறைவு. ஆனால் வேறொரு தந்திரம் உண்டு. ஏதோ ஒரு பக்கத்தில் தெரியாமல் தட்டியதால் அந்நியக் காலண்டர் ஒன்று சேர்ந்துகொண்டு, "உங்கள் போன் ஹேக் ஆகிவிட்டது" என்று மணிக்கொரு முறை நினைவூட்டும். காலண்டர் செயலியில் 'காலண்டர்ஸ்' பட்டியலைத் திறந்து, அந்நியக் காலண்டரின் அருகிலுள்ள தகவல் குறியைத் தட்டி அதை நீக்கினால் எல்லாம் ஒரே நேரத்தில் போய்விடும்.

சிறிய தொல்லைதானே என்று விடலாமா?

"விளம்பரம்தானே, வந்தால் மூடிவிட்டுப் போகிறோம்" என்று சிலர் சொல்வதுண்டு. நடந்த சம்பவங்கள் வேறு விதமாகச் சொல்கின்றன.

2014-ன் பிற்பகுதியில் விற்பனைக்கு வந்த சில லெனோவா மடிக்கணினிகளில் 'சூப்பர்ஃபிஷ்' என்ற விளம்பர மென்பொருள் நிறுவனத்தாலேயே வைத்து அனுப்பப்பட்டிருந்தது. விளம்பரம் காட்டுவதற்காக அது, வங்கித் தளங்கள் உட்படப் பாதுகாப்பான இணைப்புகளின் பூட்டையே இடையில் நின்று திறந்தது. எல்லாக் கணினிகளிலும் ஒரே சாவி என்பதால் அந்தச் சாவியைக் கண்டெடுத்த எவரும் உள்ளே நுழையலாம் என்ற நிலை ஏற்பட்டது. 2015 பிப்ரவரியில் இது வெளியானது. 2017-ல் அமெரிக்காவின் 32 மாநிலங்களுக்கு 35 லட்சம் டாலர் கொடுத்து அந்நிறுவனம் வழக்கைத் தீர்த்துக்கொண்டது.

2019 ஜூலையில் செக் பாயின்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் 'ஏஜென்ட் ஸ்மித்' எனப் பெயரிட்ட ஆட்வேரை அறிவித்தது. சுமார் இரண்டரைக் கோடி போன்களில் அது புகுந்திருந்தது. அவற்றில் சுமார் ஒன்றரைக் கோடி இந்தியாவில். வாட்ஸ்அப் போன்ற, போனில் ஏற்கெனவே இருக்கும் செயலிகளையே விளம்பரம் காட்டும் போலிப் பதிப்பாக மாற்றி வைத்துவிடுவது அதன் வழி. பிளே ஸ்டோர் அல்லாத வேறு செயலிக் கடை வழியாகவே அது பெரிதும் பரவியது. விளம்பரம் காட்ட முடிந்ததற்குத் தகவல் திருடவும் முடியும் என்று அந்நிறுவனம் எச்சரித்தது.

பிளே ஸ்டோரில் இருப்பதால் மட்டும் ஒரு செயலி நல்லது என்றும் சொல்ல முடியாது. 2020 பிப்ரவரியில் பயனாளரைத் தொந்தரவு செய்யும் விளம்பரங்களுக்காகச் சுமார் 600 செயலிகளைக் கூகுளே அங்கிருந்து நீக்கியது.

நம் செயலிகளிலும் கவனம் தேவை

தொழுகை நேரம், கிப்லா திசை, குர்ஆன் ஓதுதல் ஆகியவற்றுக்கான இலவசச் செயலிகள் நம் வீடுகளில் பரவலாக உள்ளன. இவற்றில் பல விளம்பர வருவாயில் ஓடுபவை. ஆயத்துக்குக் கீழே வட்டிக்கடன் விளம்பரமும், பாங்கு நேரத்துக்குப் பக்கத்தில் சூதாட்ட விளம்பரமும் வருவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். செயலியை உருவாக்கியவர் பெரும்பாலும் அந்த விளம்பரங்களைத் தேர்ந்தெடுப்பதில்லை. விளம்பர வலையமைப்பு அனுப்புகிறது. தடுக்கும் வசதி அவரிடம் ஓரளவு உண்டு என்பதால் அவருக்கு எழுதிச் சொல்லலாம். விளம்பரமில்லாத செயலி கிடைத்தால் அதற்கு மாறலாம். சிறு தொகை கட்டினால் விளம்பரம் நீங்கும் என்றால், ஓதுவதற்கான செயலிக்கு அந்தத் தொகை வீண்செலவு அல்ல.

நம் பக்கத்திலும் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. கூகுள் கணக்கில் 'மை ஆட் சென்டர்' என்ற பகுதியில் மது, சூதாட்டம், டேட்டிங் ஆகிய விளம்பரங்களைக் குறைக்கும்படி தேர்ந்தெடுக்கலாம். கூகுள் வழி வரும் விளம்பரங்களில் இது பலன் தரும். முன்பு சொன்ன மோசடி அறிவிப்புகளை இது தடுக்காது. ஆண்ட்ராய்டு போனின் 'பிரைவசி' பகுதியில் 'ஆட்ஸ்' என்பதைத் திறந்து விளம்பர அடையாள எண்ணை அழித்துவிடவும் முடியும்.

இருப்பிட அனுமதியும் கவனிக்க வேண்டியது. 2020 நவம்பரில், உலகெங்கும் கோடிக்கணக்கானோர் நிறுவிய 'முஸ்லிம் புரோ' செயலி, பயனாளர்களின் இருப்பிடத் தகவலை எக்ஸ்-மோட் என்ற தரவு வணிக நிறுவனத்துக்கு அளித்து வந்ததாகவும், அந்நிறுவனத்தின் வாடிக்கையாளர்களில் அமெரிக்க இராணுவ ஒப்பந்ததாரர்களும் இருந்ததாகவும் மதர்போர்டு என்ற இணைய ஏடு செய்தி வெளியிட்டது. இராணுவத்துக்குத் தாங்கள் விற்கவில்லை என்று செயலியின் நிறுவனம் மறுத்தது. எக்ஸ்-மோட் நிறுவனத்துடனான உறவை முறித்துக்கொள்வதாகவும் அறிவித்தது. தொழுகை நேரம் அறிய ஊரின் பெயர் போதும். பல செயலிகளில் ஊரை நாமே தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு. அப்படி வைத்துவிட்டு இருப்பிட அனுமதியை மறுத்துவிடலாம். தேவை என்றால் 'பயன்படுத்தும்போது மட்டும்' என்று வையுங்கள்.

வீட்டுக்கு ஏழு பழக்கங்கள்

1. நோட்டிஃபிகேஷன் கேட்டால் 'பிளாக்' என்பதே வீட்டு வழக்கமாக இருக்கட்டும்.

2. செயலிகளைப் பிளே ஸ்டோரிலோ ஆப் ஸ்டோரிலோ மட்டும் எடுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பு, அது கல்யாணப் பத்திரிகை என்றாலும் வங்கி அறிவிப்பு என்றாலும், திறக்கத் தக்கதல்ல.

3. நிறுவும் முன் அது கேட்கும் அனுமதிகளைப் பாருங்கள். டார்ச் செயலிக்கு உங்கள் தொடர்பு எண்கள் எதற்கு?

4. திருட்டுத்தனமாகப் படங்களையும் விளையாட்டு நேரலைகளையும் தரும் தளங்களை விடுங்கள். பிறர் உரிமையைப் பறிப்பது ஒருபுறம் இருக்க, இந்த வலைகள் அதிகம் விரிக்கப்பட்டிருப்பதும் அங்கேதான்.

5. ஃபயர்ஃபாக்ஸில் 'யூபிளாக் ஆரிஜின்', குரோம் கணினியில் அதன் 'லைட்' பதிப்பு ஆகியவை இலவச விளம்பரத் தடுப்பான்கள். நீங்கள் மதித்து வாசிக்கும் நேர்மையான சிறு தளங்கள் விளம்பரத்தால் வாழ்பவை என்றால், அவற்றுக்கு மட்டும் விலக்கு அளிக்கலாம்.

6. போன், பிரவுசர் அப்டேட்களைத் தள்ளிப்போடாதீர்கள். பயன்படுத்தாத தளங்களின் அனுமதிகளைப் புதிய குரோம் தானாகவே திரும்பப் பெறுகிறது. பழைய பதிப்பில் இந்தப் பாதுகாப்பு இல்லை.

7. போனைக் கடையில் கொடுக்க நேர்ந்தால் வீட்டு ஆண் ஒருவரோ பொறுப்பான பெண் ஒருவரோ உடன் நின்று, தங்கள் கண்முன்னே பார்க்கச் செய்யுங்கள். லாக் எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு வராதீர்கள். அதிலுள்ள படங்கள் குடும்பம் முழுவதின் அமானிதம்.

பணம் போய்விட்டால்

போலி எச்சரிக்கையை நம்பி யாரேனும் எண்ணுக்கு அழைத்துவிட்டால், முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். எனிடெஸ்க் போன்ற, திரையைத் தொலைவிலிருந்து கையாளும் செயலியை அவர்கள் நிறுவச் சொல்லியிருந்தால் அதை உடனே நீக்குங்கள். வங்கியை அழைத்துக் கணக்கையும் கார்டையும் முடக்கச் சொல்லுங்கள். இந்தியாவில் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்யலாம். எவ்வளவு விரைவாகச் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு அதிகம். மறுநாள் வரை மறைத்து வைப்பதால் ஏமாற்றியவருக்கே இலாபம். கடவுச்சொற்களை வேறொரு போனிலிருந்து மாற்றுங்கள்.

மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு நடத்தும் 'சைபர் ஸ்வச்தா கேந்திரா' தளத்தில் கணினிக்கும் போனுக்குமான இலவசச் சுத்திகரிப்புக் கருவிகள் கிடைக்கின்றன. இலங்கை வாசகர்கள் இலங்கை செர்ட் அமைப்பை அணுகலாம்.

ஏமாந்தவரை ஏளனம் செய்யாதீர்கள். படித்தவர்கள், பெரிய பொறுப்பில் இருப்பவர்கள் எல்லாம் ஏமாந்திருக்கிறார்கள். "உம்மாவுக்கு ஒன்றும் தெரியாது" என்று சொல்வதைவிட, இன்று இஷாவுக்குப் பிறகு அவர்களின் போனை வாங்கி அந்த நோட்டிஃபிகேஷன் பட்டியலைத் திறந்து பார்ப்பது மேல். ஒவ்வொரு மஹல்லாவிலும் விவரம் தெரிந்த இளைஞர்கள் இருவர் வாரம் ஒரு நாள் அரைமணி நேரம் ஒதுக்கினால், கேட்கக் கூச்சப்படும் பெரியவர்களுக்குப் பேருதவியாக இருக்கும். பெண்களின் போன்களைப் பெண்களே பார்த்துக் கொடுக்க, கல்லூரியில் படிக்கும் சகோதரிகள் முன்வரலாம். இதற்குப் பெரிய தொழில்நுட்ப அறிவு வேண்டியதில்லை. மேலே சொன்ன படிகளை ஒரு முறை தன் போனில் செய்து பார்த்தவருக்கு மற்றவர் போனிலும் செய்ய வந்துவிடும்.